போருக்குப் போன சரக்குக் கப்பல்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி கிடக்கிறது. மலாயா ரெயில்வேயில் எழுதுவினைஞராக இருந்த அம்மப்பாவின் பெட்டி. அதன் மூடியில் பாதி உரிந்த சீட்டு ஒன்று இன்னும் ஒட்டியிருக்கிறது: ‘பயணத்தில் தேவைப்படாது’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டு. அறைக்குள் வைக்காமல் அடிக்கிடங்கில் இறக்கவேண்டிய பெட்டிகளுக்கு அந்தச் சீட்டை ஒட்டுவார்கள். அம்மப்பா போய்வந்த கப்பல்களில் ஒன்று பின்னர் போருக்குப் போய்த் திரும்பவில்லை. நான் கப்பல் பொறியியலாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டீசல் காலத்தவன் என்றாலும், நீராவிக் காலத்து மனிதர்களிடம் வேலை பழகியவன். போர்க்காலத்தில் சரக்குக் கப்பல்களை அரசு எடுத்துக்கொண்டதைப்பற்றி ஊர் வாசிகசாலையில் ஒருநாள் பேசப்போய், அன்றிலிருந்து மாணவர்களும் வெளிநாட்டு உறவினர்களும் கேள்வி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் களைத்துவிட்டேன். ஆகவே எல்லாம் இங்கே.

கப்பலை அரசு எடுத்துக்கொண்டது என்றால், பறிமுதல் செய்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. உறுதிப் பத்திரம் உரிமையாளரின் கையில் இருக்கும், திறப்பு அரசின் கையில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் வீடு வளவு வைத்திருந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பிரித்தானியாவில் இது இரண்டு வகையாக நடந்தது. ஒன்றில், கப்பல் நிறுவனமே ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுத்து, சமையலுக்குச் சாமான் வாங்கிக் கப்பலை ஓட்டும்; எங்கே போவது, எதை ஏற்றுவது என்பதை மட்டும் அரசு சொல்லும். அதற்கு வாடகை வரும். மற்றதில், வெறுங்கப்பலை ஒப்படைத்துவிட வேண்டியதுதான். ஆளும் எரிபொருளும் பழுதுபார்ப்பும் அரசின் பாடு. சரக்குக் கப்பல்கள் பெரும்பாலும் முதல் வகையில் போயின. போர்க்கப்பலாக மாற்றப்பட்டவை இரண்டாவது வகை.

முதலாம் உலகப் போரில் வாடகை வீதத்தை நடுவர் குழு ஒன்று வகுத்தது. ‘நீலப் புத்தக வீதம்’ என்று அதற்குப் பெயர். வெளிச்சந்தையில் கப்பல் வாடகை பல மடங்கு ஏறிய பிறகும் அந்த வீதம் பெரிதாக அசையவில்லை. கப்பல் அரசிடம் அகப்பட்டவர் முணுமுணுத்தார், அகப்படாதவர் அள்ளிக்கொண்டார். 1916 டிசம்பரில் கப்பல் கட்டுப்பாட்டாளர் என்றொரு பதவியை உருவாக்கிய பின்னர்தான் ஏறத்தாழ எல்லாக் கப்பல்களும் ஒரே பிடிக்குள் வந்தன. அந்தப் பாடத்தை மறக்கவில்லை. இரண்டாம் போர் தொடங்கிய அடுத்த மாதமே, 1939 ஒக்டோபரில், கப்பல் அமைச்சு அமைந்தது. 1940இல் ஆழ்கடல் கப்பல்கள் அனைத்தும் அதன் கையில். 1941 மே மாதம் அது தரைப் போக்குவரத்தோடு சேர்ந்து போர்ப் போக்குவரத்து அமைச்சு ஆனது.

‘5,000 தொன் கப்பல்’ என்றால் அதன் எடை 5,000 தொன்னா?

இது பலரும் தடுக்கி விழும் இடம். பதிவேட்டில் வரும் மொத்தத் தொன் எடைக்கணக்கே அல்ல. கப்பலின் உள்வெளியை அளந்து, 100 கன அடியை ஒரு தொன் என்று எழுதுவார்கள். 5,000 தொன் பதிவுள்ள சரக்குக் கப்பல் 8,000 தொன் எடைக்கும் கூடுதலாகவே சுமக்கும். நீளம் 400 அடிக்குச் சற்று மேலே இருக்கும்.

வேகம் மணிக்குப் பத்துக் கடல் மைல், அதாவது சுமார் 18 கிலோமீற்றர். பள்ளிக்கூடத்துக்கு நேரம் பிந்திச் சைக்கிளில் பறக்கும் பையன் அதை முந்திவிடுவான். கொழும்பிலிருந்து ஏடன் ஏறக்குறைய 2,100 கடல் மைல். இரவு பகல் நிற்காமல் போனால் ஒன்பது நாள்.

எஞ்சின் அறையில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு மணி நேரம். நாள் என்ற ஒன்றே அங்கே இல்லை. கொதிகலன் அறைக்குள் சூரியன் வராது.

ஒரு கொதிகலனில் வழக்கமாக மூன்று அடுப்புகள். தீயாள் ஒருவருக்கு மூன்று நான்கு அடுப்புகளின் பொறுப்பு. கதவைத் திறந்து, நிலக்கரியை ஒரே இடத்தில் குவியவிடாமல் விசிறினாற்போல் வீசிவிட்டு, உடனே கதவைச் சாத்தவேண்டும். திறந்திருக்கும் ஒவ்வொரு கணமும் குளிர்காற்று உள்ளே போய் நீராவி அழுத்தம் இறங்கும். வேலை பழகும் புதியவர்கள் கரியை எறிவார்கள், பழகியவர் பரப்புவார் என்று எனக்குச் சொல்லித்தந்த கிழவர் ஒருவர், தன் முன்னங்கை மயிர் நாற்பது வயதுக்குமேல் முளைக்கவே இல்லை என்று காட்டினார். கரி எரிந்து அடியில் கண்ணாடிபோல் இறுகும் கிட்டத்தை, ஆளைவிட நீளமான இரும்புக் கம்பியால் நெம்பிப் பெயர்க்கவேண்டும். செந்தணலாக வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினால் கந்தகப் புகை எழும்பும். அந்தச் சாம்பலை வாளிகளில் மேலே தூக்கிக் கடலில் கொட்டவேண்டும்.

கரியை அடுப்படிக்குக் கொண்டுவருவது வேறோர் ஆளின் வேலை. புறப்பட்ட முதல் நாட்களில் கரி பக்கத்திலேயே இருக்கும். நாள் போகப்போகக் கிடங்கின் மூலைக்கு ஒதுங்கிவிடும். பயணம் முடியும் தறுவாயில்தான் தள்ளுவண்டி ஓட்டும் தூரம் கூடுதல். நடுத்தரச் சரக்குக் கப்பல் ஒன்று நாளொன்றுக்கு 25 முதல் 30 தொன் கரி தின்னும். அத்தனையும் மனிதக் கையால் போகவேண்டும்.

செங்கடலில் காற்று பின்புறமிருந்து கப்பலின் வேகத்திலேயே வீசினால், காற்றுக்குழாய்களுக்குள் ஒரு மூச்சும் இறங்காது. சில கப்பல்கள் கீழே உள்ளவர்கள் உயிர் தப்பவேண்டும் என்பதற்காகவே சற்று நேரம் திரும்பிக் காற்றை எதிர்கொண்டு நின்றிருக்கின்றன. போர்க்காலத்தில் அப்படி நிற்கவும் வழியில்லை.

எஞ்சினைப்பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு தோட்டக் கணக்கு. துலா மிதித்து இறைத்த தண்ணீரை ஒரு பாத்தியோடு விட்டுவிடமாட்டோம். அதே தண்ணீர் அடுத்த பாத்திக்கும் அதற்கடுத்ததற்கும் போகும். மூன்றடுக்கு விரிவு எஞ்சினும் அதைத்தான் செய்கிறது. உயர் அழுத்த நீராவி முதலில் சிறிய உருளையைத் தள்ளும். தளர்ந்து விரிந்தபின் நடு உருளையை, இன்னும் தளர்ந்தபின் மிகப்பெரிய உருளையைத் தள்ளும். கடைசியில் குளிர்ந்து தண்ணீராகிக் கொதிகலனுக்கே திரும்பும்.

போருக்கு எடுத்ததும் கப்பலில் எதை மாற்றினார்கள்?

முதலில் நிறம். நிறுவனத்தின் வண்ணப் புகைபோக்கி, வெள்ளை மேற்கட்டு எல்லாம் சாம்பல் நிறத்துக்குள் போய்விடும். பக்கவாட்டில் எழுதிய பெயரும் மறையும். காந்தக் கண்ணிவெடிக்குத் தப்ப உடலைச் சுற்றி மின்கம்பி கட்டுவார்கள். பின்புறத்தில் ஒரு பீரங்கி ஏறும். அது பல சமயம் கப்பலைவிட வயதில் மூத்தது.

ஏன் பின்புறத்தில் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஓடும்போது துரத்துபவனைச் சுடுவது தற்காப்பு. முன்னால் வைத்தால் துரத்திப் போய்ச் சுடும் கப்பலாகிவிடும். வணிகக் கப்பல் என்ற தகுதியைச் சட்டத்தின்முன் காப்பாற்ற அந்த இடம் முக்கியம். கடலுக்கடியிலிருந்து ஏவுபவன் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தானா என்பது வேறு விடயம்.

மாலுமிகள் எல்லோரும் வெள்ளையர்களா? நம்மவர் இருந்தார்களா?

இரண்டாம் போர் தொடங்கியபோது பிரித்தானிய வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்திய மாலுமி. அவர்களுக்கு லஸ்கர்கள் என்று பெயர். எஞ்சின் அறைக்குச் சில்ஹெட், சிட்டகாங் பக்கத்தவர்கள், மேல்தளத்துக்குக் கொங்கணக் கரையினரும் குஜராத்தியரும், பரிமாறுவதற்குக் கோவாக்காரர். தலைவர் சாரங். அவருக்கு அடுத்தவர் ‘டிண்டல்’.

அந்த டிண்டல் நம் கரையோரச் சொல்தான். வல்வெட்டித்துறையில் தண்டையல் என்றால் பாய்க்கப்பலின் தலைவன். காற்றையும் நட்சத்திரத்தையும் பார்த்துக் கப்பலை அக்கரை சேர்ப்பவன். அங்கே கட்டிய அன்னபூரணி ஓர் அமெரிக்கருக்கு விற்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு கடல்களைத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதே சொல் நீராவிக் கப்பலுக்குள் நுழைந்ததும் சாரங்குக்குக் கீழே, அதிகாரிக்குக் கீழே, கப்பித்தானுக்குக் கீழே இறங்கிவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

சம்பளக் கதை இன்னும் மோசம். ஒரே கப்பலில் ஒரே குண்டுக்கு முன்னால் நின்றாலும், லஸ்கர் பெற்றது வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு அளவு. 1939இல் போர் தொடங்கியவுடன் இந்திய மாலுமிகள் பல துறைமுகங்களில் வேலைக்கு ஏற மறுத்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். சம்பளமும் ஏறியது. போர் முடிந்தபோது கடலில் மாண்ட இந்திய மாலுமிகள் 6,000க்கும் மேல்.

என்ன ஏற்றினார்கள்? குண்டுகளா?

கோதுமை, கரி, மரம், பஞ்சு, லொறி, தகரத்தில் அடைத்த இறைச்சி, குண்டு. எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றியதும் உண்டு, ஆபத்து அங்கேதான்.

‘போர்ட் ஸ்டைகின்’ என்ற கப்பல் 1942இல் கனடாவில் கட்டப்பட்டது. எடுத்த கப்பலாக அல்லாமல் போருக்கென்றே கட்டிய கப்பல், ஆனால் வேலை அதே வேலை. 1944 ஏப்ரலில் பம்பாய்க்கு வந்தபோது அதன் வயிற்றில் சுமார் 1,400 தொன் வெடிபொருள், தங்கக் கட்டிகள், வழியில் கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள், எண்ணெய், மரம், கந்தகம். ஏப்ரல் 14ஆம் திகதி நண்பகல் தாண்டியபின் கிடங்கிலிருந்து புகை வந்தது. பஞ்சில் பிடித்த தீ வெளியே சுவாலையாகத் தெரியாது, உள்ளே கனன்றுகொண்டே போகும். தண்ணீர் பாய்ச்சினார்கள்; பஞ்சு மிதந்து, தீயும் அதனோடு மேலே மிதந்தது. பிற்பகல் நான்கு மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. துறைமுகம் அழிந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எதிரி ஒருவன்கூட அந்தப் பக்கம் வரவில்லை. கப்பலில் எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பார்ப்பது என் தொழிலில் பாதி. அந்தப் பொருட்பட்டியலை இன்று வாசித்தாலும் உள்ளங்கை வியர்க்கும்.

கூட்டமாகப் போனால் பாதுகாப்பு என்கிறார்களே, அது எப்படி?

தனிக்கப்பல்கள் ஐம்பதை எதிரியின் நீர்மூழ்கி ஐம்பது இடங்களில் தேடிக் காணலாம். ஐம்பதும் ஓரிடத்தில் சேர்ந்து போனால் கடலின் மீதிப் பரப்பு முழுவதும் வெறுமை. அணியைக் கண்டுபிடித்தாலும் காவல் கப்பல்களைத் தாண்டித்தான் நெருங்கவேண்டும். அதற்கு விலையும் உண்டு: எல்லாரிலும் மெதுவாகப் போகும் கப்பலின் வேகமே அணியின் வேகம். அத்திலாந்திக்கில் மெதுவான அணிகள் மணிக்கு ஏழு கடல் மைலில் ஊர்ந்தன.

இரவில் விளக்கில்லை. மூடுபனியில் முன்னால் போகும் கப்பல் பின்னால் ஒரு மிதவையைக் கட்டி இழுக்கும். அது தண்ணீரைக் கிழித்து வெள்ளையாக நுரை பீச்சும். பின்னால் வருபவர் கப்பலைக் காணமாட்டார், அந்த நுரையைக் கண்டு இடைவெளி பிடிப்பார். குப்பையும் சாம்பலும் இருட்டிய பிறகுதான் கொட்டலாம். பகலில் கொட்டினால் மிதக்கும் காய்கறித் தோல் நீர்மூழ்கிக்கு வழி சொல்லும். கரும்புகை எழுப்பும் கப்பலுக்கு அணித்தலைவரிடமிருந்து கண்டனக் கொடி ஏறும். அந்தக் கண்டனம் படியிறங்கிப் படியிறங்கிக் கடைசியில் வந்து சேர்வது அந்தத் தீயாளிடம்.

‘எம்டன்’ என்று ஏன் சொல்கிறோம்?

‘அவன் பெரிய எம்டன்’ என்று கெட்டிக்காரத் தந்திரசாலியைச் சொல்வோமே, அது 1914இல் வங்காள விரிகுடாவைக் கலக்கிய ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். செப்டெம்பர் 22இல் சென்னையைச் சுட்டு எண்ணெய்த் தாங்கிகளை எரித்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னரே, செப்டெம்பர் 10இல், அது பிடித்த ‘இண்டஸ்’ என்ற கப்பல் நம் தலைப்புக்குப் பொருத்தமானது. இந்தியப் படையையும் குதிரைகளையும் ஏற்றுவதற்காக அரசு எடுத்த சரக்குக் கப்பல் அது. குதிரைக் கொட்டில்கள் அடித்துத் தயாராக, படையினர் இன்னும் ஏறாமல் பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. எம்டனில் அப்போது பெரிய தட்டுப்பாடு சவர்க்காரத்துக்கு. இண்டஸில் அது தாராளமாக இருந்தது. முதலில் சவர்க்காரத்தை ஏற்றிக்கொண்டு, பிறகு கப்பலை மூழ்கடித்தார்கள்.

எம்டனுக்கும் கரி வேண்டும். ஆகவே கரி ஏற்றிவந்த சரக்குக் கப்பல்களைப் பிடித்தால் மூழ்கடிக்காமல் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்தது.

யாழ்ப்பாணத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மூன்று வழியில் தொடர்பு. அரிசி, காசுக்கட்டளை, ஆட்கள்.

இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது, வரவு நின்றது. பங்கீட்டுக் கூப்பன் வந்தது. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மா நுழைந்தது. அந்த மாவும் கப்பலில்தான் வரவேண்டும், கப்பலோ அரசின் கையில். எந்தக் கிடங்கில் கோதுமை, எந்தக் கிடங்கில் குண்டு என்று இலண்டனில் ஒரு மேசையில் முடிவாகும். 1943இல் வங்கம் பட்டினியில் சாகும்போது இந்தியா கேட்ட தானியத்துக்கு ஒதுக்கிய கப்பல் இடம் கேட்டதைவிட மிகக் குறைவு. கப்பலை எடுத்துக்கொள்வது என்பதன் முழு அர்த்தத்தையும் நான் அந்த மேசையில்தான் பார்க்கிறேன். பின்புறத்துப் பீரங்கி அதற்குமுன் விளையாட்டுச் சாமான். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 வீதி மூடியபிறகு, ‘கப்பல் வந்துவிட்டதாம்’ என்ற ஒரு சொல்லுக்குச் சீனி விலை ஏறி இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்ததோடு, மலாயாவில் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு அனுப்பிய காசுக்கட்டளைகளும் நின்றன. தபாற்காரன் வராத மூன்றரை வருடம் என்று அம்மம்மா சொல்வார்.

இனி அந்தத் தகரப் பெட்டி. சென்னை, நாகபட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடியவை ‘ரோனா’, ‘ரஜூலா’ என்ற இரண்டு கப்பல்கள். 1926இல் கட்டப்பட்டவை, கீழே சரக்கு, மேலே தளப் பயணிகள். அம்மப்பா இரண்டிலும் போய்வந்தவர். இரண்டையும் துருப்புக்கப்பலாக அரசு எடுத்தது. 1943 நவம்பர் 26இல் அல்ஜீரியாக் கரைக்கு அப்பால், இந்தியாவுக்கு வரவிருந்த அமெரிக்கப் படையினரோடு ரோனா மூழ்கியது. அதைத் தாக்கியது விமானத்திலிருந்து வானொலி அலையால் வழிநடத்திய சறுக்குக் குண்டு. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர், அவர்களில் நூற்றுக்குமேல் கப்பல் ஆட்கள். செய்தியை நீண்ட காலம் வெளியில் விடவில்லை. ரஜூலா தப்பிவந்து 1970கள் வரை அதே வழியில் ஓடியது. எங்கள் தலைமுறையில் பலர் அதில் ஏறியிருக்கிறார்கள்.

பெரிய கப்பல்கள் காங்கேசன்துறைக்கு வந்தனவா?

பாக்கு நீரிணை ஆழமற்றது. சுமை நிறைந்த கப்பல் 25 அடிக்குமேல் தாழும். வந்தவை வெளியே நங்கூரமிட்டன. வத்தைகள் என்ற சரக்குப் படகுகள் போய்ச் சாமான் இறக்கின.

இலங்கையில் அப்படிப்பட்ட கப்பல் ஏதாவது மூழ்கியதா?

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ‘ஹெக்டர்’ எரிந்து துறைமுகத்துக்குள்ளேயே அமர்ந்தது. அது பயணிகள் கப்பலாகப் பிறந்து, பீரங்கி ஏற்றிப் போர்க்கப்பல் ஆக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை.

அங்கே நின்றது ‘சகெயிங்’. ஸ்கொட்லாந்தில் 1920களில் கட்டி, பிரித்தானியாவுக்கும் ரங்கூனுக்கும் இடையில் ஓடிய கப்பல். பெயரே பர்மிய நகரொன்றின் பெயர். ஏப்ரல் 9இல் குண்டு பட்டுத் தீப்பிடித்தது. கைவிட்டார்கள். கப்பலுக்கு ஓய்வு கொடுத்தார்களா? இல்லை. 1943 ஓகஸ்டில் அந்த உடலைக் கரையோரம் வேண்டுமென்றே அமிழ்த்தி, மற்றக் கப்பல்களைக் கட்டிநிறுத்தும் இறங்குதுறையாக்கினார்கள். பிரான்சின் நோர்மண்டிக் கரையில் 1944இல் பழைய வணிகக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்து அலைதடுப்பு அமைத்ததற்கு முன்னோடி என்று இதைச் சொல்லலாம். சகெயிங் அப்படியே 75 வருடம் கிடந்தது. 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் துளைகளை அடைத்து, தண்ணீரை இறைத்து, அதை மிதக்கவைத்தார்கள்.

கப்பல் மூழ்கினால் யாருக்கு என்ன கிடைக்கும்?

உரிமையாளருக்கு அரசின் இழப்பீடு. அதற்கு 1939இலேயே தனிச் சட்டம் இருந்தது. மாலுமிக்கு நெடுங்காலம் வேறு கணக்கு. அவனுடைய ஒப்பந்தம் கப்பலோடு செய்தது. கப்பல் போனால் ஒப்பந்தமும் போயிற்று. உயிர்காப்புப் படகில் துடுப்புப் போட்ட நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று வாதாடவேண்டியிருந்தது. 1941 மே மாதத்தில் வந்த ஆணைதான் பிரித்தானிய மாலுமிகளுக்கு அதைச் சீராக்கியது.

இப்போது போய்ப் பார்க்கக்கூடிய கப்பல் இருக்கிறதா?

அமெரிக்கா எடுத்த கப்பல்கள் போதாமல், ஒரே வரைபடத்தில் 2,710 ‘லிபர்ட்டி’ கப்பல்களைக் கட்டித் தள்ளியது. மணிக்குப் பதினொரு கடல் மைல், அதே பழைய மூன்றடுக்கு எஞ்சின். அவற்றில் ‘ஜெரமாயா ஓ’பிரையன்’ சான்பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. 1994இல் அது சொந்த நீராவியிலேயே நோர்மண்டி வரை போய்த் திரும்பியது. இன்னொன்று பால்டிமோரில். கனடாவில் இருக்கும் மருமக்கள் கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் நான் பால்டிமோரைத்தான் சொல்கிறேன்.

போனால் மேல்தளத்தோடு திரும்பவேண்டாம். எஞ்சின் அறைக்கு இறங்குங்கள். படி செங்குத்து, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம். மூன்று உருளைகளில் மிகப்பெரியது எது என்று கண்டுபிடித்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்புங்கள். சென்ற வருடம் ஒரு மருமகன் சிறியதன் பக்கத்தில் நின்று அனுப்பிவிட்டான்.